புதுப்பிப்பு: பைக்கின் முன் ஃபோர்க் ஆயில் கசிவு நின்றது

என் பைக்கில் டிஸ்க் பிரேக் இருக்கும் பக்கத்து ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) ஆயில் கசிகிறது, சீலை (ஆயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) வீட்டிலேயே மாற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றியாச்சு. மழையிலும் மேடு பள்ளத்திலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன், குழாயில் ஈரம்கூட இல்லை.

பலரும் பயமுறுத்தியது ஃபோர்க்கின் அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டை (தலையில் அறுகோணக் குழி உள்ள போல்ட்) கழற்றுவதைத்தான். பதிலில் நீங்கள் சொன்னது சரி, திருகினால் அந்த போல்ட் மாட்டியிருக்கும் டேம்பர் ராடும் (ஃபோர்க்குக்குள் இருக்கும் தண்டு) உள்ளே சேர்ந்தே சுற்றுகிறது. ஸ்பிரிங்கைக் கழற்றும் முன்பே, ஃபோர்க்கை ஒருவர் நன்றாக அமுக்கிப் பிடிக்க, நான் திருகினேன். ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ராடு நின்றுகொண்டது, போல்ட் கழன்றது. வெளியே வந்த ஆயிலைப் பார்க்கணுமே! சாம்பல் நிறம், மீன் நாற்றம்.

சீல் போனதற்குக் காரணம் குழாயில் இருந்தது. நகத்தில் மாட்டும் அளவுக்கு ஒரு சின்னத் துருப்புள்ளி. 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் கொஞ்சம் ஆயில் விட்டு, புள்ளியின் மேடு போகும்வரை மட்டும் தேய்த்தேன். இதைக் கவனிக்காமல் புது சீல் போட்டால் அதுவும் கிழியும். அப்புறம், குழாய் முனையில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, ஆயில் தடவி சீலை இறக்கினேன். தட்டி உட்கார வைக்கப் பழைய சீலும் பிவிசி பைப் துண்டும் போதும், தனி டூல் வேண்டாம்.

ஆயிலைக் கண்மதிப்பில் ஊற்றாதீர்கள், சர்வீஸ் மேனுவலில் உள்ள மில்லி கணக்குதான். இரண்டு பக்கமும் சீல், ஆயில், செம்பு வாஷர் எல்லாம் மாற்றினேன். பிரேக் பேடிலும் ஆயில் இறங்கியிருந்ததால் அதுவும் புதுசு.