பிக்கப் வண்டியின் ‘கண்டுமுதல்’: ஒரு கலைச்சொல் இழை

பொருள்: ‘ரியல் வேர்ல்ட் ஃப்யூயல் எகானமி’ – சொல் வேண்டும்
லாஸ்பேட்டை, புதுச்சேரி (வாகனவியல் சொற்பட்டியல்)

வணக்கம். தயாரிப்பாளர் சான்றிதழில் இருக்கும் மைலேஜ் ஒன்று, ரோட்டில் வண்டி கொடுப்பது வேறொன்று. இரண்டாவதற்குப் பட்டியலில் இன்னும் சொல் ஏறவில்லை. வந்த முன்மொழிவுகள்: நடைமுறை எரிபொருள் சிக்கனம், கள எரிதிறன், உண்மை மைலேஜ்.

எடுத்துக்காட்டுக்குப் பெரிய எஞ்சின் பிக்கப்பை எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரில் அது 2.5 லிட்டர், 2.8 லிட்டர் டீசல். அமெரிக்காவில் 5 லிட்டருக்கு மேற்பட்ட வி8 (எட்டு சிலிண்டர்) பெட்ரோல். இரண்டுக்கும் பொருந்துகிற சொல்லாக இருக்க வேண்டும்.

மறு: சொல் வேண்டும்
கடலூர் முதுநகர் (டீசல் பட்டறை)

‘சிக்கனம்’ வேண்டாம். சிக்கனம் ஒரு குணம், அதற்கு எண் கிடையாது. “இந்த வண்டியின் சிக்கனம் 9” என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய சொற்பட்டியல்களில் இந்த வகைச் சொற்கள் புழக்கத்துக்கு வராமலே போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘எரிதிறன்’ அதைவிடத் தப்பு. முதலில், தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘திறன்’ என்றால் குதிரைத்திறனில் வரும் திறன். இலங்கையில் அதையே ‘வலு’ என்கிறார்கள். அந்தக் குழப்பத்தைக்கூட விட்டுவிடலாம், பொருளே தலைகீழாகப் போவதுதான் பெரிய சிக்கல். 400 குதிரைத்திறன் வி8 பெட்ரோல் பிக்கப்பை எடுங்கள். சமதரையில் காலியாக 90 கி.மீ. வேகத்தில் போக அதற்கு 25, 30 குதிரைத்திறன் போதும். மீதித் திறனைத் த்ராட்டில் (எஞ்சினுக்குள் காற்றை விடும் மடல்) அடைத்து வைத்திருக்கிறது. அடைபட்ட த்ராட்டில் வழியாகக் காற்றை இழுக்கவே எஞ்சின் எரிபொருளைச் செலவழிக்கிறது. இப்போது பின்னால் இரண்டு டன் டிரெய்லரைக் கட்டுங்கள். த்ராட்டில் திறக்கும், இழுப்பு இழப்பு குறையும், எஞ்சினின் பயனுறுதிறன் (எரிபொருளில் வேலையாக மாறும் பங்கு) ஏறும். ஆனால் லிட்டருக்கு ஓடும் கிலோமீட்டர் இறங்கும். திறன் ஏறி மைலேஜ் இறங்குகிற இடத்தில் ‘எரிதிறன்’ என்று பெயர் வைத்தால் படிக்கிற பையன் எதைப் புரிந்துகொள்வான்?

நாலு சிலிண்டருக்கு ஓய்வு கொடுக்கும் வி8 ஏற்பாடு வந்ததே இதற்குத்தான். மிச்சம் நாலும் த்ராட்டிலை அகலத் திறந்து வேலை செய்யும். சோதனைக் கூடத்தின் மிதமான ஓட்டத்தில் அந்த ஓய்வு நிறைய நேரம் கிடைக்கிறது. எதிர்க்காற்றும் பாரமும் இருக்கும் ரோட்டில் எட்டும் திரும்பத் திரும்ப வேலைக்கு வந்துவிடும். சான்று எண்ணுக்கும் ரோட்டு எண்ணுக்கும் இடைவெளி விழும் இடங்களில் இது ஒன்று.

டீசலில் த்ராட்டில் இழப்பு பெரிதாக இல்லை. ஆகவே நம் ஊர் பிக்கப்பின் இடைவெளி வேறு காரணங்களால் வருகிறது: அதிக லோடு, மீன் ஏலம் முடியும்வரை ஏசி போட்டு நிற்பது, டயரில் காற்று குறைவு, வேகம். வேகத்தை லேசாக எடுக்கக் கூடாது. 80-இலிருந்து 110-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட 1.9 மடங்கு. பிளாஸ்டிக் கிரேட்டைக் கேபினுக்கு மேலே இரண்டடி உயர்த்தி அடுக்கி, தார்ப்பாயைத் தளர்வாகக் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

மறு: மறு: சொல் வேண்டும்
பண்ருட்டி

எங்கள் பக்கம் ‘கம்பெனி மைலேஜ்’, ‘ரோடு மைலேஜ்’ என்று இரண்டே சொல். ரோடு மைலேஜுக்குள் ‘லோடு’, ‘எம்டி’ என்று இன்னொரு பிரிவு. டிரைவர்கள் தினமும் பேசுவது இது. பட்டியலில் ஏற்ற என்ன தடை?

ஒரு விஷயம் கட்டாயம் சேருங்கள். கடலூரைவிடப் புதுச்சேரியில் டீசல் விலை குறைவு. பலாப்பழமோ முந்திரியோ ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற வண்டி, இங்கே 10 லிட்டர் மட்டும் போட்டுக்கொண்டு, புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டியதும் டேங்க்கை நிரப்பும். கணக்கு எழுதும்போது நிரப்பிய பில் மட்டும் நோட்டில் ஏறும், அந்த 10 லிட்டர் ஏறாது. 480 கி.மீ. ஓடி, நிரப்பியது 50 லிட்டர் என்றால் 9.6 வருகிறது. விட்டுப்போன 10-ஐச் சேர்த்தால் 8. எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் “என் வண்டி பத்துக் கொடுக்கும்” என்று சொல்வதில் பாதிக்கு மேல் இந்தக் கணக்குதான்.

மறு: மறு: மறு: சொல் வேண்டும்
பாகூர்

‘ரோடு மைலேஜ்’ பேச்சுக்குச் சரி. சொற்பட்டியலுக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: கண்டுமுதல்.

வயலில் பயிர் நிற்கும்போது சொல்வது மதிப்பு. அறுத்து, அடித்து, தூற்றி, அளந்தபின் கைக்கு வருவது கண்டுமுதல். “ஏக்கருக்கு 30 மூட்டை கண்டுமுதல்” என்கிறோம். “லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கண்டுமுதல்” என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பாகூர் ஏரிப் பாசனத்தில் விவசாயம் பார்க்கிறவருக்கும் புரியும், அந்த நெல்லை ஏற்றிப்போகும் வண்டிக்காரருக்கும் புரியும்.

‘உண்மை மைலேஜ்’ என்றால் கம்பெனிக்காரன் பொய் சொன்னான் என்று ஆகிவிடும். அவன் சொன்னது பொய்யல்ல, வேறு நிபந்தனையில் அளந்தது.

மறு: கண்டுமுதல்
லாஸ்பேட்டை

சொல் பிடித்திருக்கிறது. எதிர்வாதத்தையும் வைத்துவிடுகிறேன். கண்டுமுதல் மொத்த அளவையும் குறிக்கும் (“இந்தப் போகத்தில் 120 மூட்டை கண்டுமுதல்”). ஆனால் நமக்கு வேண்டியது விகிதம். அதனால் தனியாக நிற்க விடாமல் ‘கண்டுமுதல் மைலேஜ்’ என்று சேர்த்தே எழுதலாம். மைலேஜ் என்பதைத் தமிழாக்க வேண்டுமா என்பது தனி இழைக்கு. மைலே இல்லாத நாட்டில் மைலேஜ் தழைத்துவிட்டது, அதோடு இப்போது சண்டை போட வேண்டாம்.

எதிர்ச்சொல்லாக ‘சான்று மைலேஜ்’. பாகூர் நண்பர் சொன்ன நிபந்தனைகளைக் குறிப்பில் சேர்க்கலாம். இந்தியச் சோதனை ஓட்டம் உருளைமேல் நடப்பது, 1180 வினாடி, உச்ச வேகம் 90 கி.மீ. அமெரிக்காவில் 2008 மாடலிலிருந்து ஐந்து வகை ஓட்டங்களை வைத்து, புது வண்டியில் ஒட்டும் மைலேஜ் லேபிளின் எண் கணக்கிடப்படுகிறது. அதிவேகம், ஏசி ஓடும் வெயில், மைனஸ் 7 டிகிரிக் குளிர் எல்லாம் அதில் அடக்கம். ஆகவே அங்கே இடைவெளி சுருங்கியது. ஆனால் மொத்த எடை வரம்பு 8500 பவுண்டுக்கு (சுமார் 3.86 டன்) மேற்பட்ட பிக்கப்புக்கு அந்த லேபிளே கட்டாயமில்லை. 6.7 லிட்டர் டீசல், 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்கள் பெரும்பாலும் அந்த எடை வகையில்தான் வருகின்றன. அங்கே சான்று மைலேஜ் என்று ஒன்றே கிடையாது, இருப்பது கண்டுமுதல் மட்டும். இதனால்தான் சொல் இரண்டும் தனித்தனியாக நிற்க வேண்டும். ‘சான்றுக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசம்’ என்ற பொருளில் ஒரே சொல்லை உருவாக்கினால் இந்த வண்டிகளுக்குப் பொருந்தாது.

மறு: மறு: கண்டுமுதல்
கடலூர் முதுநகர்

ஆமோதிக்கிறேன். ஒரு நிபந்தனை: எப்படி அளந்தது என்பது சொல்லின் விளக்கத்திலேயே இருக்க வேண்டும். தூற்றாத நெல்லைக் கண்டுமுதலில் யாரும் சேர்ப்பதில்லை அல்லவா?

டேங்க் ஃபுல் முறைதான் நம்பத்தக்கது: டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்ப எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்ப்பது. ஒரே பங்க், முடிந்தால் ஒரே நாசில், வண்டி அதே தரையில் அதே திசையில். நாசில் முதல்முறை ‘டக்’ என்று நின்றதும் நிறுத்த வேண்டும், அதற்குமேல் ‘ரவுண்டு’ பண்ணக் கூடாது. டீசல் நுரைக்கும். வேகமாக அடித்தால் டேங்க் நிரம்புவதற்கு முன்பே நுரை பட்டு நாசில் நின்றுவிடும், அடுத்த முறை மெதுவாக அடித்தால் இரண்டு லிட்டர் கூட இறங்கும். 20 லிட்டர் நிரப்பும்போது ஒரு லிட்டர் தப்பு 5 சதவீதம். 60 லிட்டருக்கு அது 1.7 சதவீதம்தான். கால் டேங்க்குக்குக் கீழே இறங்கியபிறகு நிரப்பச் சொல்வது அதனால்தான்.

ஒரு டேங்க்கை வைத்து முடிவு சொல்லக் கூடாது. பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டியில் புகைவடிப்பான் தன்னைத் தானே சுட்டுச் சுத்தம் செய்துகொள்ள அவ்வப்போது கூடுதல் டீசலை எரிக்கும். துறைமுகம் – மஞ்சக்குப்பம் என்று சின்னச் சின்ன ஓட்டமாக ஓடும் வண்டியில் அது பாதியில் நின்று மறுபடி தொடங்கும். அந்த டேங்க் மட்டும் குறைத்துக் காட்டும், வண்டிக்காரர் இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்லி வந்து நிற்பார்.

சராசரி போடுவதில் படித்தவர்களும் தவறுகிறார்கள். போகும்போது லோடோடு 150 கி.மீ., லிட்டருக்கு 8. திரும்பும்போது காலியாக 150 கி.மீ., லிட்டருக்கு 12. சராசரி 10 என்று எழுதுவார்கள். செலவானது 18.75-உம் 12.5-உம், மொத்தம் 31.25 லிட்டர். 300-ஐ அதால் வகுத்தால் 9.6. எப்போதும் மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும்.

டயர் மாற்றிய வண்டிக்குத் தனிக் குறிப்பு வேண்டும். 245/70 ஆர்16 இருந்த இடத்தில் 265/70 ஆர்16 போட்டால் விட்டம் 749 மில்லிமீட்டரிலிருந்து 777 ஆகிறது. சக்கரம் ஒரு சுற்றுக்கு 3.7 சதவீதம் கூடுதலாகப் போகும், மீட்டருக்கு அது தெரியாது. நிஜத்தில் 100 கி.மீ. ஓடினால் 96.4 என்று காட்டும். “பெரிய டயர் போட்டதும் மைலேஜ் இறங்கிவிட்டது” என்ற புகாரில் ஒரு பங்கு உண்மை, டயரின் எடையும் அகலமும் செய்வது. இன்னொரு பங்கு வெறும் மீட்டர் கணக்கு. டேஷ்போர்டு காட்டும் மைலேஜைக் கண்டுமுதல் என்று எடுக்கவே கூடாது. அது இன்ஜெக்டர் திறந்திருந்த நேரத்தை வைத்துப் போடும் மதிப்பு, பல வண்டிகளில் கூட்டியே காட்டுகிறது.

மறு: மறு: மறு: கண்டுமுதல்
பாகூர்

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்ற அளவுக்கும் சொல் வேண்டும். பெரிய எஞ்சினில் அதுதான் உண்மையைச் சொல்லும். 6 கொடுத்த வண்டி 7 கொடுத்தால் 100 கி.மீ.க்கு 2.4 லிட்டர் மிச்சம். 18 கொடுத்த கார் 20 கொடுத்தால் மிச்சம் 0.56 லிட்டர்தான். முதலாவது ஒன்றே ஒன்று கூடியது, இரண்டாவது இரண்டு கூடியது. ஆனால் பணம் மிஞ்சுவது முதல் வண்டிக்காரருக்கு. ‘நூற்றுச் செலவு’ எப்படி?

மறு: கண்டுமுதல் / நூற்றுச் செலவு
பண்ருட்டி

‘நூற்றுச் செலவு’ என்றால் வாடகைக் கணக்கு மாதிரி ரூபாய் என்று நினைப்பார்கள். ‘நூற்று டீசல்’ என்றே போடலாம். எங்கள் ஆட்கள் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

மறு: மறு: கண்டுமுதல் / நூற்றுச் செலவு
லாஸ்பேட்டை

பெட்ரோல் வண்டிக்கு என்ன செய்வது? ‘நூற்று எரிசெலவு’ என்று போடுகிறேன். பேச்சில் நூற்று டீசல், நூற்று பெட்ரோல் என்று வரட்டும். பட்டியலில் ஏறும் வரைவு:

சான்று மைலேஜ்: வகுத்துரைத்த சோதனை ஓட்டத்தில் கிடைத்த கி.மீ./லிட்டர்.

கண்டுமுதல் மைலேஜ்: வழக்கமான ஓட்டத்தில், தொடர்ந்து மூன்று முழு நிரப்பலுக்குக் குறையாமல், இடையில் போட்ட சில்லறை லிட்டர்களையும் சேர்த்து, மொத்தக் கி.மீ.யை மொத்த லிட்டரால் வகுத்தது. லோடு எவ்வளவு, டயர் அளவு என்ன என்பதையும் உடன் குறிக்கவும்.

நூற்று எரிசெலவு: 100 கி.மீ.க்கு ஆன லிட்டர்.

மறு: வரைவு
கடலூர் முதுநகர்

‘லோடு எவ்வளவு’ என்பதோடு ‘எவ்வளவு தூரத்துக்கு’ என்றும் சேருங்கள். மீன் வண்டி கிளம்பும்போது இருக்கும் ஐஸ் எடை போய்ச் சேரும்போது இருக்காது, கருவாட்டு வண்டியில் அப்படியே இருக்கும். மற்றபடி சரி, ஏற்றிவிடலாம்.