அலைனரா, கிளிப்பா? கீழ்வரிசை நெருக்கம், திரும்பிய பல், பிடுங்கிய கடைவாய்ப்பல் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

சாட்ஸ்வர்த் கமலி:
வணக்கம். வயது 41. கீழ் முன்பற்களில் 4 மி.மீ. நெருக்கம். இடது கோரைப்பல்லுக்குப் பின்னால் அடுத்த பல் 40 டிகிரி திரும்பியிருக்கிறது. அதே பக்கம் முதல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிப் பல வருடம் ஆகிறது; பின்னால் இருக்கும் பல் அந்த இடைவெளிக்குள் சாய்ந்துவிட்டது. மேல்வரிசையில் ஒரு பல் ரூட் கெனால் செய்து கேப் போட்டது. துலக்கும்போது ஈறில் லேசாக ரத்தம் வரும்.

பல் டாக்டர் ஒருவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, 14 ட்ரே அலைனர் (கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை) போதும் என்கிறார். ஆர்த்தோடான்டிஸ்ட் (பல்வரிசை சீராக்கும் நிபுணர்) ஒருவர் பல்லில் ஒட்டும் கிளிப்தான் என்கிறார். எதை வைத்து முடிவு செய்வது?

எனாமல்:
கமலி அக்கா, முதலில் அந்த 14-ஐக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ட்ரே ஒரு பல்லை ஏறத்தாழ 0.25 மி.மீ. நகர்த்தும், திருப்புவதென்றால் சுமார் 2 டிகிரி. 14 ட்ரேக்கு 28 டிகிரி. 40 டிகிரி திரும்பிய பல் கணினித் திரையில்கூட நேராகாது. அப்படியானால் அது முன்பற்களை மட்டும் ஒழுங்குபடுத்தும் திட்டம். அதில் தப்பில்லை, பலருக்கு அதுவே போதும். ஆனால் உங்களிடம் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தத் திரும்பிய பல்தான் அலைனருக்குப் பெரிய தலைவலி. அது உருளை வடிவம். பிளாஸ்டிக்குக்குப் பிடிமானம் கிடைக்காமல் வழுக்கும். அதனால் பல் நிறத்தில் சிறு மேடுகள், அதாவது அட்டாச்மென்ட், ஒட்டுவார்கள். இரண்டு பக்கமும் இடம் உண்டாக்கிவிட்டுத்தான் திருப்பத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துப் பல்லில் முட்டி நின்றுவிடும், ட்ரே மட்டும் அடுத்தடுத்துப் போய்க்கொண்டிருக்கும். டாக்டர் திரையில் காட்டும் அனிமேஷனை அப்படியே நம்பாதீர்கள். இன்விசலைன் என்ற அலைனர் பிராண்ட் பற்றி 2009-இல் வந்த ஓர் ஆய்வில், திட்டமிட்ட அசைவில் சராசரியாக 41 சதவீதம்தான் வாயில் நடந்தது. 2020-இல் மறுபடி அளந்தபோது 50. அதனால்தான் முதல் செட் முடிந்ததும் மறுபடி ஸ்கேன் எடுத்துக் கூடுதல் ட்ரே செய்வது வழக்கமாகிவிட்டது. கூடுதல் செட்டே வேண்டாம் என்று யாராவது உறுதி சொன்னால் சந்தேகப்படுங்கள்.

4 மி.மீ. நெருக்கத்துக்கு வருவோம். கோரையிலிருந்து கோரை வரை 6 பல், அவை ஒன்றையொன்று தொடும் இடம் 5. ஒவ்வொன்றிலும் பல்லின் பக்கவாட்டை அதிகபட்சம் 0.5 மி.மீ. தேய்த்தால் 2.5 மி.மீ. கிடைக்கும். மீதி 1.5 மி.மீ. எங்கிருந்து? வரிசையை அகலப்படுத்தியோ முன்பற்களை வெளியே சாய்த்தோதான். ஈறு மெல்லியதாக இருக்கும் வாயில் வெளியே சாய்த்தால் ஈறு இறங்கி வேர் தெரியும். தேய்ப்பது எவ்வளவு, சாய்ப்பது எவ்வளவு என்று இரண்டு டாக்டரிடமும் எழுதி வாங்குங்கள். எண் சொல்லத் தயங்குபவர் இன்னும் திட்டமே போடவில்லை.

ஈறுக்காவல்:
எனாமல் சொன்னது சரி, ஆனால் எதை முதலில் செய்வது என்ற வரிசை தலைகீழ். ரத்தம் வருகிறதே, அது தீராமல் அலைனரும் கூடாது, கிளிப்பும் கூடாது. அழற்சி உள்ள ஈறில் பல்லை நகர்த்தினால் எலும்பு வேகமாகக் கரையும். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் 6 இடத்தில் ஈறுப் பையின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். 3 மி.மீ. வரை சரி. 4-க்கு மேல் போய் ரத்தமும் வந்தால் ஆழமான சுத்தம் தேவை. அதற்குப் பிறகு 6 முதல் 8 வாரம் ஆறவிட்டு மறுபடி அளக்க வேண்டும். எலும்பின் மட்டம் ஸ்கேனில் தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். எக்ஸ்ரே எடுக்காமல் 14 என்று சொல்லியிருந்தால் அந்த எண்ணுக்கு அடிப்படையே இல்லை.

எலும்பு ஏற்கெனவே குறைந்திருந்தாலும் நோய் அடங்கியிருந்தால் மெல்லிய விசையில் நகர்த்தலாம். அந்த வகையில் கழற்றித் துலக்க முடிகிற அலைனருக்கு ஒரு அனுகூலம் உண்டு. நம் ஆட்களிடம் சர்க்கரை நோய் அதிகம், எச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாதிரி மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பல் நகர்வதே மெதுவாகும்.

இன்னொன்று, யாரும் முன்னால் சொல்லாதது: இந்த வயதில் நெருக்கம் பிரிந்ததும் கீழ் முன்பற்களுக்கு நடுவே ஈறோரம் கருப்பு முக்கோணச் சந்து தெரியலாம். பக்கவாட்டில் கொஞ்சம் தேய்த்து நெருக்கினால் குறையும், முழுதாக மறையாமலும் போகலாம்.

மேபெர்ன் சிவா:
சாய்ந்த கடைவாய்ப்பல்லைப் பற்றி யாரும் பேசவில்லையே. அலைனர் பல்லின் தலையைச் சாய்ப்பதில் கெட்டி, வேரோடு நிமிர்த்துவதில் சுமார். பிடுங்கிய இடத்தில் எலும்பு ஒடுங்கியிருக்கும், அதனால் அந்த இடைவெளியை மூடுவது கடினம். பல்லை நிமிர்த்தி, இடம் உண்டாக்கி, கடைசியில் இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைப்பதுதான் பெரும்பாலும் நடைமுறை. இம்பிளான்ட்டை முதலில் வைக்காதீர்கள். எலும்போடு ஒட்டியபின் அது அசையாது. எதிரே இருக்கும் மேல்பல் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இறங்கியிருந்தால் அதை மேலே ஏற்ற எலும்பில் மினி ஸ்க்ரூ தேவைப்படலாம்.

அலைனரா கிளிப்பா என்று ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. கீழ் இடப்பக்கம் மட்டும் சில மாதம் கிளிப்பும் கம்பியும் போட்டு அந்த இரண்டு பல்லையும் சரிசெய்துவிட்டு, மீதியை அலைனரில் முடிக்கலாம். அந்த ஆர்த்தோவிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

சாட்ஸ்வர்த் கமலி:
நன்றி. மேல்பல் கேப் தடையா? டீ பழக்கம் உண்டு, நாளைக்கு 4 தடவை. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கொடுக்குமா?

எனாமல்:
கேப் தடையில்லை. ரூட் கெனால் செய்த பல்லும் மற்றதைப் போலவே நகரும். பீங்கானில் அட்டாச்மென்ட் லேசில் ஒட்டாது, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கித் தனிப் பசை போட வேண்டும். கேப் மாற்றுவதாக இருந்தால் எல்லாம் முடிந்தபின் மாற்றுங்கள். நடுவில் வடிவம் மாறினால் ட்ரே உட்காராது.

டீதான் பிரச்சினை. அலைனர் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். மிச்சம் 2 முதல் 4 மணி நேரம், அதற்குள் மூன்று வேளைச் சாப்பாடும் துலக்கலும். டீக்கு 20 நிமிடம் என்றால் 4 டீக்கே 80 நிமிடம். போட்டபடியே குடித்தால் சூட்டில் பிளாஸ்டிக் நெளியும், சர்க்கரை உள்ளே தங்கிச் சொத்தை வரும். டீயை இரண்டு தடவையாகக் குறைக்க முடியாதென்றால் கிளிப்பே மேல். கல்யாண வீட்டில் சமூசாத் தட்டு சுற்றிவரும்போது என்ன செய்வீர்கள் என்பதையும் யோசியுங்கள். மஞ்சள் போட்ட குழம்பு ட்ரேயில் மட்டுமல்ல, அட்டாச்மென்ட்டிலும் கறை பிடிக்கும். கழற்றிச் சாப்பிட்டாலும் மேட்டில் பிடிக்கும்.

மேபெர்ன் சிவா:
பல மெடிக்கல் எய்ட் திட்டங்களில் ஆர்த்தோவுக்கு வயது வரம்பு இருக்கிறது. கொட்டேஷனில் உள்ள கோட்களை அனுப்பி முன் அனுமதி கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். சாதாரணப் பல் டாக்டரும் இங்கே சட்டப்படி அலைனர் போடலாம். ஸ்பெஷலிஸ்ட்டா என்பதை எச்பிசிஎஸ்ஏ-வின் (தென்னாப்பிரிக்க மருத்துவத் தொழில் கவுன்சில்) ஐ-ரெஜிஸ்டர் என்ற இணையப் பதிவேட்டில் பெயர் போட்டுப் பார்க்கலாம். நேரில் வாயைப் பார்க்காமல் தபாலில் ட்ரே அனுப்பும் கம்பெனி வேண்டாம். ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 டிசம்பரில் இழுத்து மூடியபோது, நடுவில் இருந்தவர்களின் சிகிச்சை அப்படியே நின்றது.

கொட்டேஷனில் இவை தனித்தனியாக வேண்டும்: எக்ஸ்ரே, கூடுதல் செட் எத்தனை முறை, விழுந்த அட்டாச்மென்ட் ஒட்ட, தொலைந்த ட்ரே, ரிடெய்னர் (சரிசெய்த பல் திரும்பிப் போகாமல் பிடித்து வைப்பது). ரிடெய்னரைத்தான் விலை குறைவாகக் காட்ட விட்டுவிடுவார்கள். கீழே உள்பக்கம் ஒட்டும் கம்பி, மேலே இரவில் போடும் ட்ரே. இரவு ட்ரே ஆயுளுக்கும் உண்டு, உடைந்தால் மாற்றும் செலவும் உண்டு.

ஈறுக்காவல்:
அலைனரே எடுத்தால் ஒரு சோதனை: பல்லின் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே சந்து தெரிந்தால் அடுத்த ட்ரேக்குப் போகாதீர்கள். ரப்பர் சூயியை (ட்ரே உட்காரக் கடிக்கும் மென்மையான உருளை) கடித்து, இன்னும் சில நாள் அதே ட்ரேயைப் போடுங்கள். அப்படியும் உட்காரவில்லையென்றால் கிளினிக்கைக் கூப்பிடுங்கள். போன ட்ரேயைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், பின்னால் திரும்பப் போக வேண்டியிருக்கும். கழுவ ஆறிய தண்ணீர். டர்பன் பிப்ரவரி வெயிலில் காருக்குள் விட்டு வராதீர்கள்.