ஜியோஜீப்ராவில் ஊசல் குண்டு தாவுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் தனி ஊசல் செய்கிறேன். நேரத்துக்கு ஒரு ஸ்லைடர் (மதிப்பை மாற்றும் நகர்த்தி), 0 முதல் 10 விநாடி வரை, வேகம் 1. நூல் 1 மீட்டர் இருந்தால் அலைவு நேரம் (ஒருமுறை போய்வர ஆகும் நேரம்) சுமார் 2 விநாடி, அழகாக ஆடுகிறது. 60 செ.மீ. ஆக்கினால்தான் சிக்கல். அலைவு நேரம் 1.55 விநாடி ஆகிவிடுவதால் 10 விநாடியில் கடைசி அலைவு முழுதாக முடிவதில்லை. ஸ்லைடர் 0-க்குத் திரும்பும் நொடியில், இடது ஓரத்தை நெருங்கியிருக்கும் குண்டு சட்டென்று வலது ஓரத்துக்குத் தாவுகிறது. ஸ்லைடரை முன்னும் பின்னுமாக ஓடவிட்டால் குண்டு ஓரத்தை எட்டும் முன்பே திரும்புகிறது. பிள்ளைகள் அதையே இயற்பியல் என்று நம்பிவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது.

ஸ்லைடரின் மேல் எல்லையாக அலைவு நேரச் சூத்திரத்தையே கொடுக்கலாமா? அப்படியானால் வேகத்தை எப்படி அமைப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன். வியாழக்கிழமை வகுப்பு இருக்கிறது.