அம்மா அப்பாவை வரவழைக்கிறீர்களா? விமான சீட் பெல்ட் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் புதிதாக வந்திருக்கும் நம் ஊர்த் தம்பி தங்கைகளுக்கு.

வாடகை வீடு, வங்கிக் கணக்கு, பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பது எல்லாம் முன்பே பேசியாகிவிட்டது. இப்போது தீபாவளி நெருங்குகிறது. பாதிப் பேர் ஊருக்குப் போகிறீர்கள், மீதிப் பேர் அம்மா அப்பாவை இங்கே வரவழைக்கிறீர்கள். டிக்கெட் விலை என்ன, எத்தனை கிலோ விடுவார்கள், முறுக்கு கொண்டு வரலாமா என்றெல்லாம் விசாரிக்கிறீர்கள். ஒருவரும் விசாரிக்காத ஒன்றைச் சொல்கிறேன். விமானத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க சீட் பெல்ட் இடுப்பிலேயே இருக்க வேண்டும். தலைக்கு மேல் உள்ள விளக்கு எரிந்தாலும் சரி, அணைந்திருந்தாலும் சரி.

"விளக்கை அணைத்துவிட்டார்களே, அப்புறம் எதற்கு?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். அதற்குப் பதில் 2024 மே மாதம் நடந்தது. லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 321 விமானம், மியன்மாருக்கு மேலே 37,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. திடீரென்று குலுங்க ஆரம்பித்தது. விமானிகள் பெல்ட் விளக்கைப் போட்டார்கள். போட்டதாக விமானி சொன்ன குரல் பதிவாகியிருக்கிறது. அதற்கு எட்டு வினாடி கழித்து விமானம் சடாரென்று கீழே இழுபட்டது. சிங்கப்பூர் விசாரணைக் குழு வெளியிட்ட முதல்கட்ட அறிக்கையில் இந்தக் கணக்கெல்லாம் இருக்கிறது: 4.6 வினாடியில் 178 அடி இறக்கம். 73 வயதுப் பயணி ஒருவர் இறந்துபோனார், மாரடைப்பாக இருக்கலாம் என்றார்கள். நிறையப் பேருக்கு மண்டையிலும் முதுகெலும்பிலும் அடி. விமானத்தை பேங்காக்கில் இறக்கினார்கள்.

அந்த எட்டு வினாடியை நினைத்துப் பாருங்கள். தூங்கிக்கொண்டிருக்கும் உங்கள் அப்பா கண் விழித்து, போர்வையை விலக்கி, பெல்ட்டின் இரண்டு முனையையும் தேடிப் பிடித்து மாட்ட எட்டு வினாடி போதுமா? கழிவறை வரிசையில் நிற்கும் அம்மாவுக்கு?

அப்போது உள்ளே நடப்பது இதுதான். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் லோரியின் பின்னால் நின்றுகொண்டு போனவர்களுக்குச் சட்டென்று புரியும். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது லோரி கீழே போய்விடும், நம் கால் ஒரு நொடி அந்தரத்தில் நிற்கும். விமானத்தில் அதே காரியம் பல மடங்கு வேகத்தில் நடக்கிறது. பெல்ட் போடாதவர் இருக்கும் இடத்திலேயே மிதக்க, விமானத்தின் கூரை இறங்கி வந்து அவர் தலையில் மோதும். அடுத்த சில வினாடியில் விமானம் மறுபடி மேலே தூக்கும். அப்போது அவர் கைப்பிடி மேலோ, பக்கத்தில் இருப்பவர் மேலோ, நடைபாதையிலோ விழுவார். இந்த விழுகையில் முதுகெலும்பே உடையலாம். பெல்ட் போட்டவர் இருக்கையோடு சேர்ந்து இறங்கி, இருக்கையோடு சேர்ந்து ஏறிவிடுவார். வயிறு கலங்கும், அவ்வளவுதான்.

விமானிக்கு முன்கூட்டியே தெரியாதா என்றால், பாதி தெரியும். ராடார் மழைத்துளியைக் காட்டும். இடிமேகம் கண்ணில் பட்டால் சுற்றிக்கொண்டு போவார்கள். மேகமே இல்லாத தெளிந்த வானத்தில் வரும் கொந்தளிப்பை அந்த ராடார் காட்டாது. அதோடு, விமானத்துக்குக் கீழே மளமளவென்று வளர்ந்துகொண்டிருக்கும் மேகமும் மேலே போகிறவர்களை ஆட்டிவைக்கும். 321-க்கும் அப்படித்தான் நேர்ந்திருக்கும் என்பது அந்த அறிக்கையின் கணிப்பு.

நம் வழி எது? கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ போனால் வங்கக்கடலைத் தாண்டியாக வேண்டும். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று ஊரில் சொல்வோமே, அந்த மழையெல்லாம் திரண்டு வருவது இந்தக் கடலின் மேல்தான். புயல் மாதமும் அதுதான். தீபாவளிக்கு நாம் கூட்டம் கூட்டமாகப் பறப்பதும் அதே மாதத்தில்தான். இங்கே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். அவர்களின் அப்பா தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்த கதையில் இந்தக் கடலின் ஆட்டம் வராமல் இருக்காது. இங்கிருந்து பிறகு லண்டன் வழியாகக் கனடா போகிறவர்களுக்கும் ஒன்று: வட அட்லாண்டிக் கடலுக்கு மேலே, தெளிந்த வானத்தில் வரும் கடுமையான கொந்தளிப்பு 1979-க்கும் 2020-க்கும் இடையில் 55 சதவீதம் கூடியிருப்பதாக ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் எழுதினார்கள்.

சரி, பெரியவர்களுக்கு என்ன சொல்லி அனுப்புவது?

மலேசிய விமானங்களில் அறிவிப்பு பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும். இரண்டும் தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துதான் நடப்பார்கள். அவர் பெல்ட்டைக் கழற்றினால் இவர்களும் கழற்றிவிடுவார்கள். அதனால் புறப்படும் முன்பே போனில் தமிழில் சொல்லிவிடுங்கள்: "யார் கழற்றினாலும் நீங்க கழற்றாதீங்கம்மா, பாத்ரூம் போக மட்டும் கழற்றுங்க, வந்ததும் மாட்டிக்குங்க." விபத்துக் கதையெல்லாம் அவர்களிடம் வேண்டாம். முதல் தடவை ஏறுகிறவர்களுக்கு ஏற்கெனவே பயம். விமானம் குலுங்கினாலும் உடையாது, இறக்கை வளைந்து கொடுக்கும்படிதான் செய்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

சேலை கட்டும் அம்மாக்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கொசுவம் செருகிய இடத்தில் துணி திரண்டு நிற்கும். பெல்ட் அதன் மேல் ஏறி வயிற்றில் உட்காரும், இறுக்கினாலும் நழுவும். அதைக் கீழே தள்ளி, தொடை ஆரம்பிக்கிற இடத்தில், இடுப்பெலும்பின் மேல் படியும்படி வைத்து இறுக்க வேண்டும். இடுப்பில் சுருக்குப்பையோ சாவிக்கொத்தோ செருகியிருந்தால் முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள், உதறும்போது அதுவே குத்தும். குளிருக்குப் போர்வை போர்த்தினால் பெல்ட் போர்வைக்கு மேலே இருக்கட்டும். இரவில் பணிப்பெண்கள் பார்த்துக்கொண்டே வரும்போது பெல்ட் கண்ணில் பட்டால் எழுப்ப மாட்டார்கள். முந்தானையை மட்டும் பெல்ட்டுக்குள் சிக்கவிடாமல் வெளியே எடுத்துவிடுங்கள்.

கழற்றும் விதமும் காரில் உள்ளதைப் போல இல்லை. காரில் பட்டனை அழுத்துவோம். இங்கே தகட்டு மூடியைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். பதற்றத்தில் கை தானாகப் பட்டனைத் தேடும். உட்கார்ந்ததும் இரண்டு மூன்று தடவை மாட்டிக் கழற்றிப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். உடம்பு பெரியவர்களுக்குப் பெல்ட் எட்டவில்லை என்றால், நீட்டிப் பெல்ட் கேட்டால் தருவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சர்க்கரை உள்ளவர்கள் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்குமே என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். நடைபாதை ஓர இருக்கை வாங்குங்கள் அம்மா. மேலே ஏறி விளக்கு அணைந்ததும் ஒரு தடவை, உணவு வண்டி வருவதற்கு முன் ஒரு தடவை போய்விட்டால் சமாளிக்கலாம். நடந்துகொண்டிருக்கும்போது குலுங்கினால் தன் இருக்கையைத் தேடி ஓட வேண்டாம், பக்கத்தில் காலியாக இருக்கும் எந்த இருக்கையிலும் உட்கார்ந்து பெல்ட் போடலாம். அதுவும் இல்லையென்றால் தரையில் குந்தி, இருக்கையின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கால் மரத்துப் போகிறவர்கள் உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றலாம்.

கைக்குழந்தை விஷயம் எனக்கு மனசுக்கு ரொம்பக் கஷ்டமான விஷயம். மலேசியாவில் 2020 முதல் காரில் குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். விமானத்திலோ இரண்டு வயது ஆகாத குழந்தை மடியில் வரலாம். எவ்வளவு இறுக்கிக் கட்டிக்கொண்டாலும் அந்த உதறலில் தாயின் கை குழந்தையைப் பிடித்து நிறுத்தாது. பணம் இடம் கொடுத்தால் குழந்தைக்கும் ஒரு டிக்கெட் எடுத்து, அந்த விமான நிறுவனம் ஏற்கும் குழந்தை இருக்கையைக் கொண்டு போங்கள். முடியாவிட்டால், உங்கள் பெல்ட்டோடு கோக்கிற சின்னப் பெல்ட் தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெல்ட்டையே குழந்தையையும் சேர்த்துச் சுற்றிப் போடவே போடாதீர்கள், உங்கள் உடம்பின் எடை முழுக்கக் குழந்தை மேல் இறங்கும். கர்ப்பிணிகளுக்குப் பெல்ட் வயிற்றுக்குக் கீழேதான்.

அப்புறம், தரையில் இறங்கிய பிறகு நடப்பது. சக்கரம் தரையைத் தொட்டதுமே கட கடவென்று பெல்ட் கழலும் சத்தம் கேட்கும், பாதிப் பேர் எழுந்து மேலே இருக்கும் பெட்டியை இழுப்பார்கள். விமானம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பிரேக் போதும், எவர்சில்வர் பாத்திரம் வைத்துக் கட்டிய பை உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பாட்டியின் தலையில் விழ. கனமான சாமானை முன் இருக்கைக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள். வீல்சேர்க்காரர்கள் எப்படியும் கடைசியில்தான் இறங்குவார்கள், ஆள் வந்து கூப்பிடும் வரை பெல்ட்டோடு நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம்.