வாட்ச்டாக் டைமர்: ‘உம் கொட்டுதல்’ எனலாமா?

> ‘காவல்நாய் நேரங்காட்டி’ என்று நேராகவே பெயர்த்துவிடலாமே?

வணக்கம் ஐயா. வாட்ச்டாக் டைமர் என்பது, சில்லில் ஓடும் நிரல் நின்றுவிட்டால் சில்லை மறுபடி தொடங்கவைக்கும் நேரங்காட்டி. அதற்கும், நிரல் அதற்கு அவ்வப்போது தரும் குறிப்புக்கும் தமிழ்ப் பெயர் தேடுகிறோம்.

தாங்கள் சொன்ன பெயரைப் பயிற்சி வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். “யார் உள்ளே வராமல் காக்கிறது?” என்றுதான் பிள்ளைகள் உடனே கேட்டார்கள். காவல்நாய் என்றால் நமக்குத் திருடன் நினைவு வந்துவிடும். இந்த டைமருக்கோ வெளியாளிடம் வேலையே இல்லை. அது பார்ப்பது வீட்டுக்காரரை, அதாவது சில்லில் ஓடும் நிரலை. நிரல் விழித்திருக்கிறதா, எங்காவது மாட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்பதே அதன் கவலை.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். மொட்டைமாடித் தொட்டிக்கு ஒரு நீர்மட்டக் கருவி செய்து வைத்திருந்தேன். திரைக்குப் போகும் கம்பி தளர்ந்துவிட்டது. அங்கிருந்து விடை வரும் என்று நிரல் காத்தபடியே நின்றுவிட்டது. மோட்டார் விடிய விடிய ஓடி, தண்ணீர் தெருவில் போனது. இந்த டைமரை நான் அப்போது பயன்படுத்தவில்லை. ஆர்டுயினோ ஊனோ என்னும் பயிற்சிப் பலகையில் உள்ள ஏடிமெகா328பி சில்லு ஆனாலும், 8 கால் மட்டுமே உள்ள ஏடிடைனி85 ஆனாலும், இந்த டைமர் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. தனிச் செலவில்லை. 128 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் தனி அலையியற்றி (துடிப்பு தரும் உறுப்பு) அதற்கு உண்டு. சில்லின் முதன்மைக் கடிகாரம் நின்றாலும் இது நிற்காது. 16 மில்லிநொடி முதல் 8 நொடி வரை கெடு வைக்கலாம். கெடுவுக்குள் நிரல் ‘இருக்கிறேன்’ என்று சொல்லாவிட்டால் சில்லு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அந்த ‘இருக்கிறேன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் நாயை உதைப்பது, நாய்க்குச் சோறு வைப்பது, தடவிக்கொடுப்பது என்று மூன்று வழக்கு. நமக்கு ஒன்றே போதும்: உம் கொட்டுதல். இருட்டில் கதை சொல்லும் பாட்டி, உம் கேட்கும்வரை சொல்லிக்கொண்டு போவாள். உம் நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். டைமரும் அந்த உம்முக்குத்தான் காது கொடுத்துக் கிடக்கிறது.

> பேச்சு வழக்காயிற்றே, நூலில் நிற்குமா?

நிற்கும், ஐயா. பாடத்தையே அது நடத்திவிடுகிறது. புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு: உம் கொட்டும் வரியை இன்னொரு டைமரின் இன்டரப்டுக்குள் (நடக்கும் வேலையை இடைநிறுத்தி, குறித்த நேரத்தில் தானே ஓடும் சிறு நிரல்) எழுதிவிடுவார்கள். நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் முதன்மைப் பகுதி உறைந்து கிடந்தாலும் அந்த இன்டரப்ட் தவறாமல் வந்துகொண்டிருக்கும்; சில்லு மீளவே மீளாது. ‘தூக்கத்தில் உம் கொட்டுகிறது’ என்று ஒரு முறை சொன்னேன், வகுப்பே பிடித்துக்கொண்டது. (இன்டரப்டைக் ‘குறுக்கீடு’ என்கிறோம், வானொலி அலைகள் ஒன்றையொன்று கெடுப்பதற்கும் அதே சொல். அதைத் தனி இழையில் பேசியாக வேண்டும்.)

டைமரின் பெயருக்கு ‘விழிப்புக் கடிகை’ என் முன்மொழிவு. கடிகை என்றால் நாழிகை அல்லவா என்று தடை எழுந்தால், ‘விழிப்பு டைமர்’ என்பதும் எனக்குச் சம்மதமே. டைமர் கடைத்தெருவில் எல்லோரும் புழங்கும் சொல்தான். உம் கொட்டுதலை மட்டும் விட்டுவிட வேண்டாம்.