புதுப்பிப்பு: மொறிஸ் மைனர் 1000, ரைமிங் சரிவந்தது

ஆனையிறவு எதிர்க்காற்றில் கார் இழுக்காமல் திணறுகிறது, ரைமிங் லைற் (ரைமிங் பார்க்கிற மின்னும் விளக்கு) இல்லாமல் ரைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) வைக்கலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது கோண்டாவில் அண்ணை சொன்ன பல்ப் முறைதான். முதலில் டிஸ்ரிபியூற்றருக்குள் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கிற பாகம்) திறந்து மூடுகிற பொயின்ற்றின் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்தேன். அது மாறினால் ரைமிங்கும் மாறும், ஆகவே இந்த ஒழுங்கு முக்கியம். பிறகு 12 வோல்ற் பல்பின் ஒரு வயரை டிஸ்ரிபியூற்றரின் சின்ன வயர் முனையிலும் மற்றதை எஞ்சின் பொடியிலும் கொடுத்து, சாவியைப் போட்டுவிட்டு எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பவேண்டும். பொயின்ற் திறக்கிற நொடியில் பல்ப் எரியும். அந்த நொடியில் எஞ்சின் முன்பக்கப் புல்லியின் வெட்டு ரைமிங் குறிக்கு நேராக நிற்கவேண்டும், இல்லாவிட்டால் டிஸ்ரிபியூற்றரைத் திருப்பிச் சரிசெய்யவேண்டும். அந்த வெட்டு இருப்பது அடிப்பக்கம். கீழே படுத்துத்தான் பார்க்கலாம். வெட்டில் திப்பெக்ஸ் (எழுத்தை அழிக்கிற வெள்ளை மை) தடவச் சொன்ன தம்பி வாழ்க!

எதிர்பாராதது ஒன்று: ரைமிங் சரியாகியும் இழுவை பாதிதான் வந்தது. ஓடும்போது ரைமிங்கை முன்தள்ளுவதற்காக டிஸ்ரிபியூற்றருக்குப் போகிற வக்கூம் குழாயை வாயால் உறிஞ்சிப் பார்த்தால் காற்று தாராளமாக வருகிறது, உள்ளே பொயின்ற் இருக்கிற தகடு அசையவே இல்லை. அந்தத் தகட்டை இழுக்கிற டயபிரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருந்தது. பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது, மாற்றியதும் சரி.

ரைமிங் லைற் பாவிக்கிறவர்களுக்கு: இந்தக் காரில் பொடியோடு இணைந்திருப்பது பற்றறியின் பிளஸ்தான், இப்போதைய கார்கள்போல மைனஸ் அல்ல. சிவப்புக் கவ்வியைப் பற்றறியின் பிளஸ் முனையிலேயே மாட்டுங்கள்.