கட்டடத்துப் பொது வைஃபை மேல் ஆபீஸுக்குத் தனி நெட்வொர்க்: சொந்த ரவுட்டர் போதுமா?

மேசைவிளக்கு:
வாடகையோடு வைஃபையும் சேர்த்துத் தரும் கட்டடத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறோம். ஆறு பேர். மாடி முழுக்க ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு. சுவரில் நெட்வொர்க் பாயின்ட் கிடையாது. லேப்டாப்பில் பிரிண்டர் பட்டியலைத் திறந்தால், எங்கள் பிரிண்டருக்கு மேலே யாருடையதென்றே தெரியாத இரண்டு பிரிண்டர்கள். அப்படியென்றால் எங்களுடையதும் அவர்களுக்குத் தெரியும்தானே? பிரிண்டரும், கணக்கு ஃபைல்கள் இருக்கும் நாஸ் பெட்டியும் (நெட்வொர்க் வழியாக எல்லோரும் பகிரும் சேமிப்பு) எங்கள் அறையைத் தாண்டக்கூடாது. கட்டடத்து ரவுட்டரில் கைவைக்க அனுமதி இல்லை. என்ன வழி?

வலைமுடிச்சு:
சொந்தமாக ஒரு ரவுட்டர் போதும். வயர்லெஸ் கிளையன்ட் மோட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், சில பெட்டிகளில் விஸ்ப் மோட் என்று போட்டிருப்பார்கள். அது கட்டடத்து வைஃபையில் ஒரு சாதாரண லேப்டாப் போலப் போய்ச் சேர்ந்துகொள்ளும். உள்ளே உங்களுக்கென்று தனி ஐபி வரிசை (கருவிகளுக்கான நெட்வொர்க் முகவரிகள்), தனி வைஃபை பெயர், தனி பாஸ்வேர்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த ஒரு பெட்டிதான் தெரியும், அதற்குப் பின்னால் இருப்பது தெரியாது.

ரிப்பீட்டர் மோடைத் தொடாதீர்கள். அது கட்டடத்து நெட்வொர்க்கையே நீட்டிக் கொடுக்கும். பிரிண்டர் பழையபடி நடுத்தெருவில்தான் நிற்கும்.

இரட்டைப்பூட்டு:
"ரவுட்டர் போதும்" என்பது பாதி உண்மை. நாட் என்பது ரவுட்டர் உள்ளிருக்கும் முகவரிகளைத் தன் முகவரியாக மாற்றி அனுப்பும் வேலை, வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வால் வேறு. ஃபயர்வால் சரியாக இல்லாவிட்டால், அதே வைஃபையில் இருக்கும் ஒருவர் தன் கணினியில் "இந்த ஐபி வரிசைக்கு இந்தப் பெட்டி வழியாகப் போ" என்று ஒரு ரூட் எழுதிக்கொண்டு உள்ளே தட்டிப் பார்க்கலாம்.

அடுத்தது இன்னும் முக்கியம். கட்டடத்து வைஃபை டபிள்யூபிஏ2 (வைஃபை பாதுகாப்பின் முந்தைய தலைமுறை) என்றால், அந்தப் பொது பாஸ்வேர்டு தெரிந்த எவரும், உங்கள் ரவுட்டர் இணையும் நேரத்தில் நடக்கும் சாவிப் பரிமாற்றத்தை (ஹேண்ட்ஷேக்) பிடித்துவிட்டால், அதன் பிறகு காற்றில் போவதை அவிழ்த்துப் படிக்க முடியும். டபிள்யூபிஏ3-இல் அது நடக்காது. ஆனால் எல்லாக் கட்டடத்திலும் டபிள்யூபிஏ3 இருக்கிறதா என்ன?

என் கேள்வி எளிது. நிர்வாகத்திடம் தனி விலான் (அவர்களுடைய கருவிகளிலேயே உங்களுக்கெனப் பிரித்துத் தரும் நெட்வொர்க்) கேளுங்கள், இல்லையேல் சொந்தமாக ஒரு இணைப்பு போடுங்கள். ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

வலைமுடிச்சு:
ஃபயர்வால் விஷயம் சரி. ஆனால் பெரும்பாலான ரவுட்டர்களில் வெளியிலிருந்து தானாக வரும் எதையும் மறுப்பதுதான் தொடக்க அமைப்பே. ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான திறந்த மென்பொருள்) போட்டவர்கள் வெளிப்பக்கத்துக்கான 'வான்' ஸோனைத் திறந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். யுபிஎன்பியை (கருவிகள் தாமாகவே ரவுட்டரில் வாசல் திறக்கும் வசதி) அணைத்து, ரவுட்டரின் அட்மின் பக்கம் வெளிப்பக்கம் திறக்காமல் பார்த்துக்கொண்டால் முடிந்தது.

காற்றில் படிப்பது பற்றி: பிரிண்டருக்கும் நாஸுக்கும் போவது அந்தக் காற்றிலேயே போகாது. அது உங்கள் சொந்த வைஃபையில் அல்லது கேபிளில். வெளியே போவதில் பெரும்பகுதி எச்டிடிபிஎஸ், அதாவது ஏற்கெனவே குறியாக்கம் செய்தது. மிஞ்சுவது டிஎன்எஸ், எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்ற விவரம். அதையும் மறைக்க வேண்டுமென்றால் ரவுட்டரிலேயே வயர்கார்டு (ஒரு விபிஎன், குறியாக்கிய சுரங்கப்பாதை) போட்டு, எல்லாவற்றையும் அதன் வழியாக அனுப்புங்கள். எம்டியு (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1420 வைத்துப் பாருங்கள். சில தளங்கள் பாதியில் நின்றால் இன்னும் குறையுங்கள்.

விலானா? அதைக் கட்டுவது நிர்வாகம், உடைப்பதும் நிர்வாகம். ஒரு ஸ்விட்ச்சை மாற்றும்போது போர்ட்டைத் தவறான விலானில் விட்டால் உங்களுக்குச் செய்தி கூட வராது.

ஓரமாகநிற்பவன்:
இரண்டு பேரும் வேகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் கொடுத்தால் ஏறக்குறைய பாதி வேகம் போய்விடும். வெளிப்பக்கம் 5 கிகாஹெர்ட்ஸ், மேசைகளுக்குக் கேபிள், போன்களுக்கு மட்டும் 2.4. அப்புறம் 2.4-இல் 1, 6, 11 சேனல்களில் காலியானதைத் தேர்ந்தெடுங்கள், நடுவில் உள்ள எண்ணைப் போட்டு அக்கம்பக்கத்தையும் கெடுக்காதீர்கள்.

மேசைவிளக்கு:
இரண்டு நாட் அடுக்கினால் பிரச்சினை வரும் என்று படித்தேனே?

வலைமுடிச்சு:
வெளியிலிருந்து ஆபீஸ் நாஸைத் திறக்க வேண்டுமென்றால் வரும், ஏனென்றால் கட்டடத்து ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை உள்ளே உள்ள கருவிக்குத் திருப்பிவிடுவது) செய்ய முடியாது. உலாவல், மெயில், வீடியோ கால் எதற்கும் தொல்லை இல்லை. ஒன்று மட்டும் கவனம்: வெளியே 192.168.1 வரிசை ஓடினால் உள்ளேயும் அதையே வைக்காதீர்கள். 10.73.20 என்று எதையாவது வையுங்கள்.

லேப்டாப்களில் கட்டடத்து வைஃபையை 'மறந்துவிடு' கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலையில் யாராவது ஒருவருடையது அதில் போய் ஒட்டிக்கொண்டு, "பிரிண்டர் காணோம்" என்று ஆரம்பிப்பார்.

இரட்டைப்பூட்டு:
நிர்வாகத்துக்குச் சொல்லாமல் இதைச் செய்யலாம் என்கிறீர்களா? பல பெரிய வைஃபை அமைப்புகள் தங்களுக்குத் தெரியாத ஆக்சஸ் பாயின்டை (வைஃபை பரப்பும் பெட்டி) கண்டுபிடித்துப் பட்டியல் போடும். சில, அதில் இணைபவர்களைத் துண்டிக்கவும் செய்யும். உங்கள் ஆறு பேரும் நாள் முழுக்க இணைந்து இணைந்து அறுபடுவார்கள், காரணமே புரியாது.

இன்னொன்று. அதே பெயர், அதே பாஸ்வேர்டில் யாராவது ஒரு போலி வைஃபை வைத்தால் உங்கள் ரவுட்டர் சந்தோஷமாக அதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

வலைமுடிச்சு:
சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. எழுத்தில் ஒரு மெயில் வாங்கிக்கொள்ளுங்கள். போலிக்கு, பிஎஸ்எஸ்ஐடியை (ஆக்சஸ் பாயின்டின் தனி அடையாள எண்) குறித்து ரவுட்டரில் பூட்டிவிடலாம். அதையும் ஒருவர் போலியாக வைக்க முடியும் என்பது தெரியும், அதனால்தான் வயர்கார்டு.

மேசைவிளக்கு:
சரி, இப்படிச் செய்கிறேன். ரவுட்டர் இந்த வாரம், நிர்வாகத்துக்கு மெயில் இன்றைக்கே. விலான் தர முடியுமா என்றும் அதே மெயிலில் கேட்கிறேன். பிஎஸ்எஸ்ஐடி பூட்டினால் வேறு பாதகம் உண்டா?

வலைமுடிச்சு:
அந்த ஓர் ஆக்சஸ் பாயின்ட் படுத்தால் பக்கத்தில் உள்ளதுக்குத் தானாக மாறாது. அவர்கள் சரி செய்யும் வரை ஆபீஸுக்கு நெட் இல்லை.

இரட்டைப்பூட்டு:
சொந்த இணைப்பு என்று நான் முதலிலேயே சொன்னது இதற்குத்தான்.